வண்டி எடுக்கணும்

திரையில் ஒரு பொம்பளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கறுப்பு வெள்ளைப் படம். எந்த தேசம் என்று ஆரம்பத்தில் சொன்னார்கள், மறந்துவிட்டது, ஏதோ ஒரு குளிர் தேசம், அவ்வளவுதான். பாட்டு இல்லை, பேச்சு இல்லை, அவசரம் என்பது மருந்துக்கும் இல்லை. கத்தி செதிலை உரசுகிற சத்தம் மட்டும் கறக் கறக்கென்று வந்துகொண்டிருந்தது. இப்போது வயிற்றைக் கீறினாள். விரலை உள்ளே விட்டாள். குடல் வழுவழுவென்று வெளியே வந்து பலகையில் விழுந்தது, அதைக் காமிரா இன்னும் கிட்டப் போய்க் காட்டியது, சீச்சீ, இதைப் போய் எவனாவது படம் பிடிப்பானா, பிடித்தவன்தான் பிடித்தான், அதை இத்தனை வருஷம் கழித்துத் தூசி தட்டி எடுத்துவந்து, திருச்சியில் ஒரு நூலகத்து மாடியில், ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு ஒருத்தன் காட்டுவானா? மருதைமுத்துவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மீன் தின்னாதவர் இல்லை அவர். ஞாயிறு விடிந்தால் சந்தையில் முதல் ஆளாக நின்று கெண்டையோ விராலோ துள்ளத் துள்ளப் பார்த்து வாங்கி வருகிறவர்தான். ஆனால் பையைச் சமையல்கட்டு வாசலில் வைப்பதோடு அவர் ஜோலி தீர்ந்தது, அப்புறம் அது குழம்பாகித் தட்டுக்கு வரும்போதுதான் மறுபடியும் முகம் பார்ப்பார். நடுவில் நடக்கிற கண்றாவியெல்லாம் தவமணி பாடு. இன்றைக்குச் சந்தைக்கும் போகவில்லை, மீனும் இல்லை, காலையில் ரவை உப்புமா, அதுவும் கட்டி தட்டிப்போய். அந்த உப்புமாவைத் தட்டில் தள்ளிக்கொண்டேதான் தவமணி சொன்னாள், முகத்தைக்கூடப் பார்க்காமல்: "இன்னைக்குப் படம் முடியிற வரைக்கும் உக்காந்திருப்பீங்கன்னா வாங்க. பாதியில எந்திரிச்சிட்டீங்கன்னா, இனிமே நான் தனியாத்தான் போவேன், தனியாத்தான் வருவேன். பஸ்ஸு இருக்கு." கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவள் அவரிடம் இப்படி ஒரு கண்டிஷன் போட்டதே கிடையாது. சரி என்று தலையாட்டியிருந்தார். ஆட்டியாகிவிட்டது. அந்தப் பொம்பளை அடுத்த மீனை எடுத்தாள்.

இன்னொன்றா! தொட்டியில் இன்னும் எத்தனை கிடக்கிறது என்று எட்டிப் பார்த்தார், தெரியவில்லை, இவனுகள் காட்டவேண்டியதைக் காட்டமாட்டார்கள். தவமணி ஞாயிறுதோறும் வருகிற இந்த வகுப்புக்குப் பேர் திரைப்பட ரசனை அறிமுகம். ரசனை! பொறந்ததிலிருந்து படம் பார்க்கிற மனுஷனுக்கு இவன் யார் படம் பார்க்கச் சொல்லிக்கொடுக்க? ஆதிரன் என்று பேர் வைத்துக்கொண்டிருக்கிறான், வீட்டில் சுந்தர்ராஜோ செல்வராஜோ என்று கூப்பிடுவார்கள், பின்னால் ஒரு குடுமி, முன்னால் ஒரு ஜிப்பா, பேசும்போது கண்ணை மூடிக்கொள்வான். "இந்த மௌனத்தைக் கேளுங்க நண்பர்களே." மௌனத்தைக் கேட்பதாம். கேட்டதெல்லாம் மின்விசிறி கடகடப்பதும், பக்கத்து நாற்காலிப் பெண் முட்டை பப்ஸை நொறுக் நொறுக்கென்று கடிப்பதும்தான். அந்த முட்டை வாடையும், மழைக்கு நனைந்து காய்ந்த திரைச்சீலை வாடையும், கக்கூஸிலிருந்து வந்த பினாயில் வாடையும் ஒன்றாகக் கலந்து, திரையில் கிடந்த குடலோடு சேர்ந்துகொண்டு, மீன் வாடையே அடிக்கிறது என்று சத்தியம் பண்ணலாம். கக்கூஸ் என்று நினைத்ததுதான் தப்பு. அடிவயிறு முட்ட ஆரம்பித்தது. சர்க்கரை உள்ள உடம்பு, நேரத்துக்குப் போகாவிட்டால் உயிர் போகும். இடைவேளையில் போய்க்கொள்ளலாம் என்று அடக்கிவைத்திருந்தார், எப்படியும் பாதிப் படம் ஓடியிருக்கும், இடைவேளைக்கு ஒரு திருப்பம் வைப்பார்களே, எவனாவது கத்தியைக் காட்டுவான், எவளாவது கீழே விழுவாள், ஒன்றையும் காணோமே. பப்ஸ் பெண்ணிடம் குனிந்து கேட்டார், "ஏம்மா, இடைவேளை எப்ப விடுவாங்க?" அவள் வாயில் இருந்ததை முழுங்கிவிட்டு, "இடைவேளையெல்லாம் கிடையாது அங்கிள், இதெல்லாம் ஒரே மூச்சுதான்" என்றாள். உதட்டோரம் மஞ்சள் கரு. கர்மம் கர்மம். இடைவேளை இல்லாமல் ஒரு படமா? மனுஷனுக்கு மூத்திரம் வராதா அந்த தேசத்தில்? இப்போது எழுந்து போனால் இரண்டு வரிசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற தவமணி பார்ப்பாள். வந்தால் பின்னாடி உட்காருங்கள், பக்கத்தில் வேண்டாம் என்று அதையும் போன வாரமே சொல்லியிருந்தாள். அவள் கொண்டை மட்டும் தெரிந்தது. ஆடாமல் அசையாமல் இருந்தது. ஒரு கொண்டைக்காக அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே என்று காலை இறுக்கிக்கொண்டார்.

முடிவு வரைக்கும் உட்காருவது என்ன பெரிய வித்தையா, உட்காரக்கூடியவன்தான் உட்காருவான், அவர் உடம்பு அப்படி வளரவில்லை, அதைச் சொன்னால் யாருக்குப் புரியும். தியேட்டர் என்றால் கடைசிச் சண்டை ஆரம்பித்ததும் எழுந்துவிட வேண்டும். வில்லன் கீழே விழுகிறானா, வெளியே போ. அத்தனை ஜனமும் ஒரே நேரத்தில் கிளம்பி ஸ்டாண்டில் முட்டிமோதி, சைலன்சரில் காலைச் சுட்டுக்கொண்டு, டோக்கனைத் தேடிக்கொண்டு நிற்கும்போது நாம் ஜங்ஷனைத் தாண்டியிருக்க வேண்டும். இதில் என்ன தப்பு? ஊரே செய்கிறது. தியேட்டரில் கடைசிப் பத்து நிமிஷம் பாதி நாற்காலி டப் டப்பென்று மடங்குகிற சத்தம்தான் கேட்கும். கல்யாணமான புதுசிலிருந்து தவமணியின் கையைப் பிடித்து, "வா வா, வண்டி எடுக்கணும்" என்று இழுத்துக்கொண்டு வந்தவர், இருட்டில் படி இடறாமல் அவளை ஒரு தடவைகூட விழவிடாமல் கூட்டிவந்தவர், அதையெல்லாம் யார் கணக்கில் வைக்கிறார்கள். அவர் பார்த்த உத்தியோகமும் அப்படி. பஸ் கம்பெனியில் செக்கிங் இன்ஸ்பெக்டர், நடுவழியில் ஏறி டிக்கெட்டைப் பார்த்துவிட்டு நடுவழியிலேயே இறங்கிவிட வேண்டும், கடைசி ஸ்டாப் வரைக்கும் போனதே இல்லை. இங்கேயும் வந்த முதல் இரண்டு வாரமும் முடிகிற மாதிரி தெரிந்ததும் எழுந்து கதவுகிட்டே போய் நின்று தவமணியைப் பார்த்துச் சாவியை ஆட்டினார். அவள் எழவில்லை. மொத்த வகுப்பும் திரும்பிப் பார்த்தது. தூ, என்ன பார்வை அது. அதுகூடப் பரவாயில்லை. ஒரு நாள் ஆதிரன் அவளை எழுப்பி, "அம்மா, உங்க கதையில ஒண்ணு சொல்லுங்க" என்றான். என்ன கதை என்று இவருக்குப் புரியவில்லை. இவர் வருவதற்கு முன்னாலேயே அவள் வகுப்பில் சொல்லியிருக்கிறாளாம், எனக்குப் பிடித்த படம் நிறைய, ஒன்றுக்கும் முடிவு தெரியாது என்று. எல்லாரும் சிரித்தார்களாம். ஏன் என்று கேட்டதற்கு, "அவங்களுக்கு வண்டி எடுக்கணும்" என்றாளாம். அன்றைக்கு எழுந்து நின்று முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, கடையில் சாமான் கேட்கிற குரலில் சொன்னாள்: ஒரு படத்தில் தங்கச்சி தொலைந்துபோன அண்ணனைத் தேடி ஊர் ஊராகப் போவாள், கடைசியில் கண்டுபிடித்துக் கதவைத் தட்டுவாள், அண்ணன்காரன் திறக்கப்போகிற நேரத்தில் இவங்க வண்டி எடுக்கணும்னு என் கையைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். "வண்டியில பின்னாடி உக்காந்து வர்றப்ப நானே முடிச்சுக்கிட்டேன். அண்ணனுக்கு அவளை அடையாளம் தெரியல. யாரு வேணும்னு கேக்குறான். அவ தண்ணி வேணும்னு சொல்றா. குடுக்குறான். குடிச்சிட்டு, சொம்பைத் திருப்பிக் குடுத்துட்டு, ஒண்ணும் சொல்லாமப் போயிடுறா." குடுமிக்காரன் கண்ணாடியைக் கழற்றிவிட்டான். இப்படி எத்தனை படத்துக்கு முடித்திருக்கிறீர்கள் என்று கேட்டான். "பாத்த எல்லாத்துக்கும்தான்" என்றாள்.

பார்த்த எல்லாவற்றுக்கும்! இதைக் கேட்டபோது அவருக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும், இருந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும், ஆனால் வந்தது அருவருப்பு. பிடரியில் என்னமோ ஊர்ந்த மாதிரி. தன் முதுகுக்குப் பின்னால், தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வேறு யாரோ உட்கார்ந்து வந்திருக்கிறார்கள். அவர் பாட்டுக்குத் தில்லைநகர் வளைவில் லாரிக்காரனைத் திட்டிக்கொண்டு வருவார், வெங்காயம் விற்கிற விலையைச் சொல்லுவார், டிப்போ மேனேஜர் செய்கிற அக்கிரமத்தைச் சொல்லுவார், அவள் "ம்" என்பாள். எல்லாவற்றுக்கும் "ம்". அந்த "ம்" என்கிற ஒன்றை நம்பித்தான் அவர் இத்தனை வருஷமும் பேசிக்கொண்டு வந்தார். பொம்பளை என்றால் தவமணி மாதிரி இருக்கணும், வாயைத் திறக்காமல் காது கொடுக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அது காது கொடுத்த "ம்" இல்லையா? அப்படியானால் எந்த "ம்" இவருக்கு, எந்த "ம்" அந்த அண்ணனுக்கும் தங்கச்சிக்கும்? மேனேஜர் அவரை எல்லார் முன்னாலும் வெளியே போடா என்றதை ஒரு நாள் வண்டியில் சொன்னாரே, வேறு யாரிடமும் சொல்லாததை, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாரே, அதற்கும் "ம்" என்றாளே, அப்போதும் ஏதாவது சினிமாவைத்தான் முடித்துக்கொண்டிருந்தாளா? திரையைப் பார்த்தார். புண்ணியத்துக்கு மீன் கழுவி முடிந்திருந்தது. இப்போது அவள் புருஷன் தின்றுகொண்டிருந்தான். ஐயோ, அது இதைவிடக் கேவலம். வாயை அவ்வளவு கிட்டத்தில் காட்டினார்கள், மீசையில் குழம்பு, உதடு எண்ணெயாய்ப் பளபளத்தது, சப்பிச் சப்பி முள்ளை எடுத்து மேஜைமேல் தூ தூவென்று துப்பினான், அவளைப் பார்த்து என்னமோ சொன்னான், கீழே எழுத்தில் போட்டார்கள், நாளைக்கு மழை வரும் என்கிறானாம், அவள் தலையை ஆட்டினாள். வகுப்பில் எவளோ "ச்சே" என்றாள். மருதைமுத்துவும் ச்சே என்று சொல்ல வாயெடுத்தார், வரவில்லை. அவரும் முள்ளைத் துப்புகிறவர்தான், ஆனால் தட்டோரத்தில்தான் துப்புவார், மேஜையில் இல்லை, அது வேறு, இவன் பன்றி. மழை வரும் என்று சொல்வதில் மட்டும் என்ன தப்பு? வேறு என்னத்தைச் சொல்லுவான் கட்டின பெண்டாட்டியிடம்? இருந்தாலும் அந்தப் பொம்பளை தலையாட்டியதும் முன்னால் அந்தக் கொண்டையும் லேசாக ஆடிய மாதிரி இருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். இருட்டில் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. திரும்பமாட்டாளா, ஒரு தடவை, இருக்கிறானா போய்விட்டானா என்று பார்க்கவாவது. அவள் திரும்பவில்லை, இவருக்குத்தான் பயமாக இருந்தது. இனிமேல் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவாள், வாசல் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்கும், அப்புறம் வீட்டில் அவரும் ஃபிரிட்ஜும். ஃபிரிட்ஜாவது உர்ரென்று ஏதாவது சொல்லும். அதற்காகவாவது உட்காரணும், அடிவயிறு வெடித்தாலும் உட்காரணும்.

புருஷன்காரன் தூங்கப்போய்விட்டான், குறட்டை கேட்டது. அவள் மேஜையைத் துடைத்தாள், முள்ளையெல்லாம் உள்ளங்கையில் வழித்து எடுத்தாள், கையைக் கழுவினாள், மோந்து பார்த்தாள், மறுபடியும் கழுவினாள். ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். கதவுகிட்டே போனாள். தாழ்ப்பாள்மேல் கையை வைத்தாள். வைத்தவள் வைத்தபடியே நின்றாள். மருதைமுத்துவின் கால் தானாகவே நாற்காலிக்கு அடியில் செருப்பைத் தேட ஆரம்பித்தது. வந்துவிட்டது, இதுதான் கடைசி, எத்தனை படம் பார்த்த உடம்பு, முடிவு வருவது முட்டிக்குத் தெரிந்துவிடும். இரு, இரு, எழாதே என்று தொடையைத் தானே பிடித்து அமுக்கிக்கொண்டார். நெற்றியில் வேர்த்தது. சாவி எப்போது சட்டைப்பையிலிருந்து கைக்கு வந்தது என்று தெரியவில்லை. திற, தாயே, திறந்து தொலை, இல்லாவிட்டால் படுத்துத் தூங்கு, யார் குறுக்கே நிற்கிறார்கள்? அவள் முதுகு மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் மங்கி, மங்கி, மொத்தத் திரையும் கறுப்பாகிவிட்டது. சத்தமும் நின்றது. குறட்டைகூட இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். கறுப்பு, கறுப்பேதான். முடிந்துவிட்டது! ஐயா உட்கார்ந்துவிட்டார்! முடிகிற வரைக்கும், இடைவேளை இல்லாத படத்தை, மீன் குடலிலிருந்து முள் வரைக்கும், ஒரு ஆம்பிளைக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவும் உட்கார்ந்துவிட்டார். தவமணி பார்த்திருப்பாள். பார்க்காவிட்டால் என்ன, கீழே வந்ததும் சொல்லிக்கொள்ளலாம். விளக்கைப் போட்டதும் முப்பது பேரும் அந்தக் குறுகலான படியில் இறங்குவார்கள், ஒரே ஒரு கக்கூஸ், அதற்குள் முந்திக்கொள்ள வேண்டும். கறுப்பில் தட்டுத்தடுமாறி, பப்ஸ் பெண்ணின் காலை மிதித்து, ஸாரிம்மா ஸாரிம்மா என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்து வெளியே பாய்ந்தார். பினாயில் நாற்றமெல்லாம் இப்போது சந்தனமாய் மணந்தது. அப்பாடா. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. படியிறங்கி வந்து, நாலு வண்டியை நகர்த்தி, தன் ஸ்கூட்டரை உருட்டிக் கேட்டுக்கு நேராக நிறுத்தி, பின் சீட்டில் காக்காய் போட்டிருந்த எச்சத்தைக் கைக்குட்டையால் துடைத்து, ஸ்டார்ட் பண்ணி வைத்துக்கொண்டு நின்றார். யாரும் வரவில்லை. வருவார்கள், பேசிவிட்டு வருவார்கள். வண்டி புகைந்துகொண்டிருந்தது. யாரும் வரவில்லை. மேலே ஜன்னலில் கறுப்புத் துணிக்கு ஓரமாக வெளிச்சம் வெட்டி வெட்டித் தெரிந்தது. விளக்கு போட்டால் அப்படி வெட்டாது. மருதைமுத்து வண்டியை அணைத்தார். அணைத்த பிறகுதான் காதில் விழுந்தது, மேலேயிருந்து, ஆமாம், சங்கீதம், வயலினோ என்னமோ, படம் முழுக்க ஒளித்து வைத்திருந்துவிட்டு இப்போது போடுகிறான் பாவி. ஓடிப்போகலாமா என்று இரண்டு படி ஏறினார். கதவைத் திறந்தால் வெளிச்சம் விழும், முப்பது தலையும் திரும்பும், அதில் ஒரு கொண்டையும். இறங்கிவிட்டார். வாயெல்லாம் கசந்தது. ஏமாற்றிவிட்டான்கள், வெளியூர்க்காரப் பயல்கள், நடுவில் திரையைக் கறுப்பாக்கி ஒரு மனுஷனை இப்படியா கழுத்தறுப்பான்கள். துப்பினார். துப்பியது தரையில் கிடந்ததைப் பார்த்ததும் அந்த மேஜை ஞாபகம் வந்து, செருப்பால் மண்ணைத் தள்ளி மூடினார்.

சங்கீதம் நின்றது. கைதட்டினார்கள். ஒவ்வொருத்தராக இறங்கி வந்தார்கள், ஒருத்தருக்கும் அவசரம் இல்லை, பப்ஸ் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனாள், அழுதிருக்கிறாள். கடைசியில் தவமணி வந்தாள், ஆதிரனோடு எதையோ கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டு. அவள் கையை ஆட்டிப் பேசி அவர் பார்த்ததில்லை. இவரைப் பார்த்ததும் கை நின்றது. அவனிடம், "நீங்க போயிட்டே இருங்க தம்பி, வர்றேன்" என்றாள். மருதைமுத்து முந்திக்கொண்டார். "தவமணி, சாமி சத்தியமா முடிஞ்சிருச்சுன்னுதான் நெனச்சேன். கறுப்பாயிடுச்சில்ல? கறுப்பானா முடிஞ்சதுதானே? அதுவரைக்கும் உக்காந்துதான் இருந்தேன், அந்தப் பப்ஸ் பொண்ணக் கேளு." "தெரியும்" என்றாள் தவமணி. கோபம் இல்லை, அதுதான் இவருக்குத் திக்கென்றது. "நானும் முடிஞ்சிருச்சுன்னுதான் நெனச்சேன். ஆனா உக்காந்திருந்தேன்." அவள் பின் சீட்டைப் பார்த்தாள். துடைத்திருந்தது தெரிந்தது. ஒரு நிமிஷம் ஏறிவிடுவாள் போலத்தான் இருந்தது. "எதுத்தாப்புல டீக்கடைல எல்லாரும் உக்காந்து பேசப்போறோம். நேரமாகும். நீங்க கிளம்புங்க, கூட்டம் வர்றதுக்குள்ள." "நீ எப்படி வருவ?" "பஸ்ஸு இருக்கு." அவள் ரோட்டைத் தாண்டப்போனாள். "தவமணி, அந்தப் பொம்பளை கதவைத் திறந்தாளா?" என்று கத்திவிட்டார், டீக்கடைக்காரனே திரும்பிப் பார்த்தான். அவள் நின்று, ஒரு பஸ் போகும்வரை காத்திருந்து, "போறப்ப யோசிச்சிட்டே போங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். என்னத்தை யோசிப்பது? வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்தார். திறந்திருப்பாள். திறந்தால் வெளியே பனி, எங்கே போவாள்? திறந்திருக்கமாட்டாள். திறக்காவிட்டால் வயலின் எதற்கு? கோட்டைக் கழற்றிவிட்டுப் போய்ப் படுத்திருப்பாளோ, அந்தப் பன்றிக்குப் பக்கத்திலா, சீ, அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் ஓடவில்லை, கதவும் அவள் முதுகும் மட்டும்தான் திரும்பத் திரும்ப வந்தது. வண்டி வெறுமனே துள்ளித் துள்ளிப் போயிற்று, பின்னால் கனம் இல்லாமல். தில்லைநகர் வளைவில் ஒரு லாரிக்காரன் ஹாரன்கூட அடிக்காமல் உரசிக்கொண்டு போனான். "வீட்ல சொல்லிட்டு வந்துட்டானா பாரு, குருட்டுப்பய" என்று கழுத்தை லேசாகப் பின்னால் திருப்பிச் சொன்னார். சொல்லிவிட்டு, "ம்" வருவதற்காக வண்டியை மெதுவாக்கினார்.